மாமா மொழிபெயர்த்த கிராமம்

போன கிழமை பிரான்ஸில் ஒரு கிராமத்தைச் சுற்றிப் பார்க்கப் போனோம்.

நான்கு பேர் போனோம். நான்கு பேரும் திரும்பி வந்தோம். (இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது!)

ஒஸ்லோவிலிருந்து நானும் அம்மாவும். பாரிஸிலிருந்து அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா. அவருடன் மாமி.

காரில் ஏறியதிலிருந்து பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான்.

நான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவள். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்குக் குரல் வராது. இப்போது ஒஸ்லோவில் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரு கடையில் சாமான் அடுக்குகிறேன். (பால் பெட்டிகள் கேள்வி கேட்பதில்லை.)

அதனால் என்னை ஒரு வருடம் பாரிஸில் விட்டு 'ஆளாக்குவது' என்று ஒரு திட்டம். இந்தப் பயணம் முடிவதற்குள் முடிவு எடுத்துவிடுவார்களாம்.

"என்னட்டை விட்டிட்டுப் போ தங்கச்சி. ஆறு மாசத்திலை பிரெஞ்சு தண்ணியா ஓடும்" என்றார் மாமா.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (வந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேன்!)

மாமாவுக்குத் தெரியாத ஒன்று: எட்டாம் வகுப்பிலிருந்து மூன்று வருடம் நான் பிரெஞ்சு படித்தேன். பேசியதே இல்லை. ஆனால் வாசிப்பேன்.

முதலில் ஊர் நடுவே கூரை போட்ட ஒரு பெரிய கல் தொட்டி. அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்த இடம் என்று பலகையில் எழுதியிருந்தது.

மாமா பலகையை ஒரு கணம் பார்த்தார்.

"இது முந்தி ராசா குளிச்ச இடம்."

மாமி உடனே தலையைச் சரிசெய்துகொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். ஏழு படம்! (ராசா தன் சட்டையைத் தானே துவைத்திருப்பார் போல.)

அடுத்தது, தேவாலயத்துக்கு முன்னால் உயரமான ஒரு கல். அதில் வரிசையாகப் பெயர்கள். போரில் செத்துப்போன அந்த ஊர்ப் பையன்கள்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே விளக்கினார்.

"இந்த ஊரிலை படிச்சு டொக்டர், இஞ்சினியரா வந்த பிள்ளையளின்ரை பேர். பார் பிள்ளை! படிச்சால் கல்லிலை பேர் வெட்டுவாங்கள்."

"ஒரே குடும்பப் பேர் மூண்டு தரம் கிடக்கு அண்ணை" என்றார் அம்மா.

"அது படிச்ச குடும்பம்."

கல்லில் கை வைத்துச் சிரித்தபடி மாமா நின்றார். படம் எடுத்தது நான்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசியாகக் காட்டு நடைபாதை. மரங்களில் பூசியிருக்கும் மஞ்சள் கோட்டைப் பார்த்து நடந்தால் பழைய தண்ணீர் ஆலைக்குப் போகலாம்.

வாசலில் ஒரு பலகை. சிவப்பு எழுத்தில், 'கவனம்! வேட்டை நடக்கிறது.'

மாமா வாசித்தார். "'கவனமாப் போங்கோ, நல்ல காட்சியள் இருக்கு' எண்டு போட்டிருக்கு."

"மாமா, அது..."

"பிள்ளை, நான் இருபது வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன்."

என் குரல் அதோடு உள்ளே போய்விட்டது. கால்கள் மட்டும் பின்னால் போயின.

மாமியின் மேலங்கி அசல் காட்டுப்பன்றி நிறம். (நான் கவனித்தேன். வேட்டைக்காரர்களும் கவனித்திருக்கலாம்.)

பத்து நிமிடம் நடந்திருப்போம்.

டுமீல்!

"ஊரிலை திருவிழா போலை. வெடி கொளுத்துறாங்கள்" என்றார் மாமா.

அம்மாவைக் காணவில்லை. பார்த்தால், புது ஜக்கெற்றோடு சேற்றில் குப்புறப் படுத்திருக்கிறார்!

"வெடி இல்லை அண்ணை. துவக்குச் சூடு."

அம்மா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அந்தச் சத்தத்துக்கு அவருக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. (மாமாவும் அங்கேதான் வளர்ந்தார், ஆனால் அவர் சத்தத்தையும் மொழிபெயர்ப்பார்.)

அம்மாவைச் சேற்றில் பார்த்தபோதுதான் எனக்குக் குரல் வந்தது. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் வராத குரல்!

"வேட்டை நடக்குது! பலகையிலை அதுதான் எழுதிக் கிடந்தது! ஒருத்தரும் அசையாதேங்கோ!"

பிறகு காட்டைப் பார்த்துப் பிரெஞ்சில் கத்தினேன். சுடாதீர்கள், இங்கே ஆட்கள் நிற்கிறோம்! (இலக்கணம் சரியா என்று யாரும் கேட்கவில்லை.)

செம்மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருவர் துப்பாக்கியோடு ஓடி வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. மாமாவைப் பார்த்து மூச்சு விடாமல் திட்டினார்.

மாமா "வுய், வுய்" என்று தலையாட்டினார். பிறகு மெதுவாக என் பக்கம் சாய்ந்தார்.

"என்னவாம்?"

உனக்குக் கண் இல்லையா, வாசிக்கத் தெரியாதா என்பதுதான் அந்த மனிதர் கேட்டது.

நான் சொன்னேன்:

"'கவனமாப் போங்கோ, நல்ல காட்சியள் இருக்கு' எண்டு சொல்லுறார் மாமா."

மாமிதான் முதலில் சிரித்தார். "வீட்டை வாற கடிதத்தையும் இவர் இப்பிடித்தான் வாசிக்கிறவர். தண்ணியை நிப்பாட்டப் போறம் எண்டு வந்ததைப் புதுவருச வாழ்த்து எண்டவர். ரெண்டு நாள் குளிக்கேல்லை!"

இருபது வருடம் உணவகச் சமையலறையில் தமிழரோடு நின்று வேலை செய்தவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதது குற்றமில்லை. தெரியாது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அம்மாவின் ஜக்கெற்றாவது தப்பியிருக்கும்.

திரும்பும் வழியில் அந்தக் கல்லடியில் அம்மா நின்றார்.

"இதிலை உண்மையா என்ன எழுதிக் கிடக்கு?"

"சண்டையிலை செத்த பெடியள் அம்மா."

அம்மா கல்லுக்குக் கிட்டப் போனார். அந்த மூன்று பெயர்களையும் விரலால் தொட்டார். கையிலிருந்த சேறு பட்டதால் கல்லைச் சால்வையால் துடைத்துவிட்டு வந்தார்.

காரடியில் மாமா விடுவதாக இல்லை. "அப்ப, பிள்ளையை என்னட்டை விடுறியோ?"

"அவளைக் கேளுங்கோ" என்றார் அம்மா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அச்சு அசல் வகுப்பறை!

"நான் வரேல்லை மாமா" என்றேன். "நீங்கள் ஒஸ்லோவுக்கு வாங்கோ. பலகையெல்லாம் நான் வாசிச்சுச் சொல்லுறன்."

படம் கேட்டவர்களுக்கு: தொட்டியில் மாமி இருக்கும் ஏழு படங்களும் கீழே. கல்லடியில் மாமா சிரிக்கும் படத்தை அழித்துவிட்டேன்.

உங்கள் வீட்டு மாமா எந்த ஊரில் எந்த ராசாவைக் குளிப்பாட்டினார்? வெட்கப்படாமல் எழுதுங்கள். (நானே எழுதிவிட்டேன்!)