காலிக் குழாய்

பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, முதலில் ஒன்றும் போடாத குழாயைச் சூடாக்கச் சொல்வேன். சோதனைத் திரவம் மட்டும் இருக்கும், சோதிக்கும் பொருள் இருக்காது. "இது எதுக்கு மேடம், வேஸ்ட்தானே?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

எழுபதுகளின் கடைசியில் தில்லியில் ஒரு லேபில் நாங்கள் இரண்டு பெண்கள் பெப்டைடு செய்துகொண்டிருந்தோம். கண்ணாடிப் பாத்திரத்தில் பொடி ரெசின் மணிகளைப் போட்டு, அவற்றில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியாக்கும் வேலை; முடியும்வரை சங்கிலி அந்தப் பாத்திரத்திலேயே இருக்கும். ஒன்றைக் கோத்ததும் நாலைந்து மணிகளை எடுத்து நின்ஹைட்ரின் என்ற சோதனைத் திரவத்தை விட்டுச் சூடாக்குவோம். மஞ்சளாகவே இருந்தால் எல்லாம் சேர்ந்துவிட்டது. நீலமானால் சேரவில்லை, செய்தவள் கை சரியில்லை. அதுதான் எங்கள் லேபின் வேதவாக்கு.

நான் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருவேன். அவள் திருநெல்வேலிக்காரி, ஹாஸ்டலில் இருந்தாள். வேலையில் என்னைவிடச் சுத்தம்.

அந்த மாதம் அவளுக்கு நீலமாகவே வந்தது. திரும்பக் கோத்தாள், நீலம். மறுபடியும் நீலம். எங்கள் ஆராய்ச்சிக்கு கைடாக இருந்தவர் மயிலாப்பூர்க்காரர். எல்லார் முன்னாலும், "ஒனக்கு இது வராதும்மா. ஊருக்குப் போய் ஏதாவது காலேஜ்ல பாடம் எடு" என்றார். அவள் வீட்டிலும் கல்யாணத்துக்கு நெருக்கிக்கொண்டிருந்தார்கள். லேபை விட்டுப் போகிறவர்கள் தங்கள் பாத்திரங்களைத் தாங்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவது வழக்கம். ஒருநாள் காலை அதையும் செய்துவிட்டுக் கிளம்பினாள். மாலை மெட்ராஸ் ரயில்.

மத்தியானம் என் நின்ஹைட்ரின் தீர்ந்தது. அவள் தன் மேஜையில் விட்டுப்போன புட்டியிலிருந்து என் மணிகளுக்கு விட்டேன். நீலம். மாதக்கணக்கில் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து வந்த அமினோ அமிலத்தில் இன்னும் ஒரு தடவை கோக்கத்தான் மிச்சம் இருந்தது.

"அச்சா, மிச்சத்தையும் போட்டுடு. ஜல்தி" என்றார் கைடு.

"ஒரு நிமிஷம் சார்."

"என்ன நிமிஷம்? அதான் நீலமாயிடுத்தே!"

எனக்கு அதுவரை நீலமே வந்ததில்லை. மாறியது புட்டி மட்டும்தான். மணியே போடாமல் அந்தப் புட்டியிலிருந்து சில சொட்டு விட்டுச் சூடாக்கினேன். காலிக் குழாய் கருநீலமாயிற்று. அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் சதா அம்மோனியாவைத் திறந்துவைத்து வேலை செய்வார்கள். அந்தக் காற்று புட்டியைக் கெடுத்திருந்தது.

கைடு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு போயிட்டாளா?" என்றார். எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

ஆட்டோக்காரரை "பையா, ஜல்தி, ஜல்தி" என்று விரட்டி ஸ்டேஷனுக்கு ஓடினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"இறங்குடி! ஒன்னோடது சரியாத்தான் இருந்திருக்கு, புட்டிதான் கெட்டது! விட்ட எடத்துலேர்ந்து கோக்கலாம், வா!"

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். அங்கேயே நின்றாள்.

"ஏட்டி, எங்க இருக்கு அது?" என்றாள். "காலைல நாந்தான்லா எல்லாத்தையும் கழுவிக் கவுத்திட்டு வந்தேன்."