முதுகுக்குப் பின்னால் பெரிய டாக்டர்

நெஞ்சில் நீர் கோத்திருந்தது. ஊசி குத்தி அதை எடுக்கவேண்டும். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தேன். அந்த நிலையிலும் ஆஸ்பத்திரியில் சண்டை போட்டேன் என்றால் என் சுபாவத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊசி குத்தப்போவது பயிற்சியில் இருக்கும் ஒரு பெண் டாக்டர். பெரிய டாக்டர் அதே ஆஸ்பத்திரியின் கழக்கூட்டத்துக் கிளையில் இருந்தபடியே வீடியோவில் பார்த்துச் சொல்வாராம்.

"அவரு கரையில நின்னு சொல்லுவாரு, இந்தப் பிள்ள எனக்க நெஞ்சில நீச்சல் படிக்குமாக்கும்?" என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டார். பெரிய டாக்டர் நேரில் வரும்வரை காத்திருக்கலாம், ஆனால் இரண்டு நாளாகும் என்றார்கள். மூச்சு முட்டுகிறவனுக்கு ரோஷம் எதற்கு? கையெழுத்துப் போட்டேன்.

மேசைமேல் தலையணை வைத்து, அதைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்காரச் சொன்னார்கள். குத்துவது முதுகுப் பக்கமிருந்துதான். பின்னால் ஸ்டாண்டில் ஒரு கேமரா, பக்கத்தில் லேப்டாப். அசைந்தால் ஊசி நுரையீரலில் பட்டுவிடும் என்று அந்தப் பெண் எச்சரித்தாள். தலையாட்டினேன்.

அப்போது லேப்டாப்பிலிருந்து பெரிய டாக்டர் மலையாளத்தில் நலம் விசாரிக்கும் குரல் கேட்டது. "எங்ஙனெயுண்டு, அங்கிளே?"

முழு உடம்போடு திரும்பிக் கைகூப்பினேன். "குழப்பமில்ல, சார்."

"அங்கிளே, அனங்கல்லே!" என்று அசையாமலிருக்கச் சொல்லி, அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பி உட்காரவைத்தாள்.

"பெரிய டாக்டர் கேக்குகாரு. முதுகக் காட்டிக்கிட்டா பதில் சொல்லுகது?"

அரசாங்க ஆபீசில் காலம் தள்ளியவன் நான். மேலதிகாரியின் அறையிலிருந்து பின்னோக்கி நடந்தே வெளியே வந்து பழக்கம். குரல் கேட்டால் உடம்பு தானாகத் திரும்பிவிடும்.

மரத்துப்போக ஒரு சின்ன ஊசி போட்டாள். கொஞ்சம் பொறுத்து, "வேதனையுண்டோ?" என்றது லேப்டாப். நான் மறுபடியும் திரும்பிவிட்டேன். அவள் கையிலிருந்த பெரிய ஊசி சட்டென்று பின்வாங்கியது. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. லேப்டாப்பைப் பார்த்து மலையாளத்தில் சொன்னாள்: முடியும்வரை சார் அங்கிளிடம் எதுவும் கேட்க வேண்டாம், என்னிடம் மட்டும் சொன்னால் போதும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் சர்வீஸ் முழுக்க எந்த மேலதிகாரியிடமும் நான் அப்படிப் பேசியதில்லை. "ஓக்கே" என்றார் பெரிய டாக்டர்.

தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். பயம் போகவில்லை. ஆனால் அந்தப் பெண்ணை நம்பிவிட்டேன். குத்தினாள். உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பெரிய டாக்டர் தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதேதோ சொன்னார். அவளும் பதில் சொன்னாள். நான் திரும்பவில்லை.

ஊசியை எடுத்துப் பிளாஸ்திரி ஒட்டியதும், பல நாட்களுக்குப் பிறகு மூச்சு அடிவரைக்கும் போய் வந்தது. அழுகை வந்துவிட்டது.

"இப்போ எங்ஙனெயுண்டு, அங்கிளே?" என்று பின்னாலிருந்து பெரிய டாக்டர் கேட்டார்.

நான் அசையவில்லை.

"மோளே, இனி திரும்பலாமா?" என்று அவளிடம் கேட்டேன்.