தவளையக்காவின் குளம்

எல்லோரும் கண்ணை மூடிப் பிரார்த்தனையைத் தொடங்கிய பிறகுதான் தவளையக்கா வழிபாட்டுக் கூடத்துக்குள் வருவார். கையில் செருப்பு, முழங்கால்வரை சேறு. கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மேடைக்குக் கொடுக்க வேண்டிய காதைப் பின்பக்கத்துக் குளத்துக்குக் கொடுத்துவிடுவார். இந்த மழைக்காலத்தில் அங்கே ஒற்றைத் தவளையின் குரல்தான். அதுவும் எல்லா நாளும் இல்லை.

தொழில், பை தைப்பது. அறுந்த ஜிப், பிய்ந்த கைப்பிடி, வாய் பிளந்த பெட்டி எது வந்தாலும், "வச்சுட்டுப் போங்க, நாளைக்கு உலகத்தையே உள்ள போட்டு மூடலாம்" என்பார். அவர் தைத்த பள்ளிக்கூடப் பையில் யானைக்குட்டியைப் போட்டுத் தூக்கினாலும் தையல் விடாது. யானைதான் அலுத்துப்போய் இறங்கி நடக்கும். "ஊருக்கெல்லாம் ஜிப் வைப்பா, தன் வாய்க்கு மட்டும் கிடையாது" என்பது கணவரின் புலம்பல்.

வழிபாட்டுக் கூடத்தின் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த மனையில் குளம் வெட்டலாம் என்று சபையில் எழுந்து சொன்னது அந்த வாய்தான். "சாமி நம்மள மட்டுமா படைச்சாரு? மத்ததுக்கும் கையகல இடம் குடுத்தா குறைஞ்சா போயிடுவோம்?" கூடத்துப் பெரியவர் தாடியைத் தடவினார், சபை தலையாட்டியது. லாரிகளின் பழைய தார்ப்பாய்களை ஒட்டித் தைத்து, மூட்டுகளில் மெழுகு தேய்த்து, குளத்துக்கு அடிவிரிப்பும் அவரே போட்டார். தண்ணீர் நின்றதும் எங்கிருந்தோ தவளைகள் வந்து சேர்ந்தன. அவை போட்ட தாளத்துக்கு இரண்டு தெரு தள்ளித் தொட்டில்கள் தாமே ஆடின. தட்டான்கள் வந்தன. ஒரு கொக்கு வாடகை பேசாமலே குடியேறியது.

"வீட்டுல ஒண்ணு கத்துறது போதாதுன்னு உறவுக்காரங்களையும் கூட்டிட்டு வந்துட்டா" என்றார் கணவர். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

கேடு பக்தியாகத்தான் வந்தது. கொழுந்தன் மனைவியான ஓரகத்தியின் மகள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, ஓரகத்தி ஒரு தங்கமீனை வாங்கிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தாள். "ஒரு உசுரு பொழைக்க ஒரு உசுர விடுறேன்க்கா." பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்ததே தவளையக்காதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அந்த வாரம் மகள் எழுந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான்; சபையே ஆளுக்கொரு மீனோடு வரிசையில் நின்றது. பரீட்சைக்கு ஒன்று, விசாவுக்கு ஒன்று, குடியை விடுவதற்கு இரண்டு.

மீன்கள் தலைப்பிரட்டைகளைத் தின்றன. தட்டான் குஞ்சுகளைத் தின்றன. தின்று தின்று உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தன. கொக்கு கூட இவற்றைப் பார்த்து மிரண்டு வீட்டைக் காலி செய்தது.

"மீனையெல்லாம் எடுத்துடணும், ஐயா" என்று தவளையக்கா பெரியவரிடம் போய் நின்றார்.

"எடுக்கலாம்மா. யாரு வேண்டுதல முதல்ல எடுக்கறது? நீயே சொல்லு."

அவர் கேலியாகக் கேட்கவில்லை. வாய்க்கு ஜிப் இல்லாதவர் அன்று செருப்பை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார்.

போன வாரம் ஒரு மாலை, மழை விட்டிருந்தது. குளத்தின் மூலையில் கோரைத்தண்டைச் சுற்றித் தவளை முட்டைகள்: கண்ணாடி மணிகளாக ஒரே ஒரு கொத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு கறுப்பு. இனி அடுத்த தவளை என்று ஒன்று இருந்தால் அது இதிலிருந்துதான். பெரிய மீன் ஒன்று அதை நோக்கித் திரும்புவதைப் பார்த்ததும், ஐயாவாவது வேண்டுதலாவது என்று தன் தையல் கடைக்கு ஓடி, கொசுவலைத் துணியில் தைத்த கைவலையோடு வந்தார். வலையைத் தண்ணீரில் இறக்கப் போகையில் பின்னால் காலடி.

ஓரகத்தி. மகள் மறுபடி படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமல் கையிலேயே இருந்தது.

"இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்கக்கா." தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். "அவ மீனு இருக்கா?"

"இருக்குடி."

"எது?"

எது என்று யாருக்குத் தெரியும்? முட்டைக் கொத்தில் வாயை வைத்திருந்த மீனைத் தவளையக்கா காட்டினார்.

"அதோ. நல்லா சாப்பிடுது பாரு."

ஓரகத்தி கரையில் குந்தி, குனிந்து பார்த்தாள். மீன் இன்னொரு வாய் கவ்வியது. தவளையக்கா வலையை மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.