ரீச்சர் கொண்டு வந்த கார்

என் மனைவி பருத்தித்துறையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். நாங்கள் இருப்பது கோண்டாவிலில். அவளுடைய தமையன் கனடாவுக்குப் போனபோது தன்னுடைய ஜெர்மன் காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். தோல் இருக்கைகள். கதவைச் சாத்தினால் றோட்டுச் சத்தம் உள்ளே வராது. கிழமை நாட்களில் அவள்தான் அதைப் பாடசாலைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். நான் மோட்டார் சைக்கிளில் கந்தோருக்குப் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் ஸ்டியரிங் என் கைக்கு வரும். அப்போதும் பக்கத்தில் இருந்து வேக முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவாள். ஐம்பதைத் தாண்டினால், "என்னப்பா, ஆரும் பின்னாலை துரத்தினமோ?" என்பாள். நான் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனதை யாரோ கண்டு சொல்லிவிட்டார்கள் என்று, ஒருமுறை இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இருந்தவள்.

கந்தோரில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் காரை ரியூன் செய்வித்து, அதன் இழுவையைக் கூட்டியிருந்தார். எஞ்சினைக் கழற்றத் தேவையில்லையாம். காருக்குள் ஒரு கணினி இருக்கிறது, எவ்வளவு பெற்றோல், எவ்வளவு காற்று என்று அதற்குள் எழுதி வைத்திருப்பதை மாற்றினால் போதுமாம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. அந்தக் காரின் பெடலை நான் ஒருநாளும் பாதிக்கு மேல் அமத்தியதில்லை.

மனைவி விடைத்தாள் திருத்த மூன்று நாள் வவுனியாவுக்குப் போனாள். இரண்டாம் நாள் நான் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை.

அஞ்சு சந்திக்குக் கிட்ட இருந்தது அந்தக் கராஜ். முதலாளி இங்கே பிறந்து, புத்தளத்தில் வளர்ந்து, டுபாயில் இதே வேலையைப் பழகி, குடும்பத்தோடு திரும்பி வந்தவர். நான் காரை நிற்பாட்டி இறங்குவதற்குள்ளேயே கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துச் சிரித்தார்.

"இது ரீச்சர் கொண்டு வந்த காரெல்லோ? ரீச்சர் வரேல்லையோ?"

வேறு யாருடைய காரையோ நினைத்துச் சொல்கிறார் என்று நினைத்தேன். "இல்லை, இது எங்கடை கார். ரியூன் செய்யலாமோ எண்டு கேக்க வந்தனான்."

அவர் முகம் குழம்பியது. "அண்ணை, இதுக்கு நான் மாசி மாசமே செய்து குடுத்திட்டனே. பருத்தித்துறையிலை படிப்பிக்கிற ரீச்சர். கண்ணாடி போட்டவா."

நான் நம்பவில்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மடிக்கணினியைக் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே வயரைச் செருகித் திரையைக் காட்டினார். எஞ்சினின் இழுவையைக் காட்டும் இரண்டு கோடுகள். கீழே உள்ளது கார் வந்தபோது இருந்தது, மேலே உள்ளது இப்போது இருப்பது என்றார். மேலே இருந்த கோடு தொடக்கத்திலேயே செங்குத்தாக எழும்பியிருந்தது.

"ரீச்சர் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருந்து, ஒவ்வொரு இலக்கத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்விச்சவா. போன மாசமும் வந்து சொன்னவா, நூற்றி நாப்பதிலையும் ஒரு நடுக்கம் இல்லையெண்டு."

நூற்றி நாற்பது. அந்த மனிதரின் முன்னால் என்ன சொல்வது என்று தெரியாமல், "ஓம், ஓம், சொன்னவாதான். நான்தான் மறந்துபோனன்" என்று பொய் சொன்னேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். நம்பவில்லை.

வீட்டுக்கு முப்பதில் ஓட்டிக்கொண்டு வந்தேன். சைக்கிள்காரர் ஒருவர் என்னைக் கடந்து போனார். இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி போடுவாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இது தெரியவில்லை.

அவள் வந்தாள். விடைத்தாள்களைப் பற்றிச் சொன்னாள், பிள்ளைகள் பின்னக் கணக்கில் விட்ட பிழைகளைச் சொல்லிச் சிரித்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கத் துணிவு வரவில்லை. கேட்டால் நான் அங்கே ஏன் போனேன் என்பதையும் சொல்ல வேண்டுமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வல்வெட்டித்துறையில் ஒரு கலியாண வீடு. காரின் திறப்பை என்னிடம் நீட்டினாள்.

"இண்டைக்கு நீரே ஓட்டும்" என்றேன்.

ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் ஓட்டினாள். ஐம்பது. கோப்பாய், நீர்வேலி, புத்தூர், எங்கும் ஐம்பதுதான். அச்சுவேலி கழிந்து வல்லை வெளிக்கு வந்தோம். இரண்டு பக்கமும் தண்ணீர், வீடு வாசல் இல்லாத நேர் றோட்டு, காரையே தள்ளும் காற்று.

"நான் அஞ்சு சந்திக்குப் போனனான்" என்றேன்.

அவள் காரை றோட்டுக் கரைக்கு எடுத்து நிற்பாட்டினாள்.

"ஏன் போனீங்கள்?"

"நீர் ஏன் போனீரோ, அதுக்குத்தான்."

"இல்லை. நான் போனது வேறை விஷயத்துக்கு." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "தை மாசம், உந்தா, உந்த மதகுக்குக் கிட்ட. ஒரு லொறியை விலத்தி முன்னுக்குப் போக வெளிக்கிட்டன். முன்னாலை பஸ் வருது. மிதிக்கிறன், கார் இழுக்கேல்லை. ஒண்டு, ரெண்டு எண்ணுமட்டும் யோசிச்சுக்கொண்டு நிக்குது. பஸ்காரன் கரைக்கு இறக்கினபடியாலைதான் நான் இருக்கிறன். அவனும் நானும் இறங்கி நிண்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்தம்."

தை மாதத்தில் ஒரு நாள் அவள் பாடசாலையால் வந்து, தலையிடி என்று பின்னேரமே படுத்தது ஞாபகம் வந்தது. நான் பனடோல் கொடுத்துவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டேன். நூற்றி நாற்பது என்று கேட்டபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் செத்துப்போயிருக்கலாம். செத்திருந்தாலும் கந்தோரில் கையெழுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்திருக்கும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா விடுவீங்களே? பஸ்ஸிலை போ எண்டிருப்பீங்கள். எனக்குக் கார் ஓட வேணும்." சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். "விலத்தேக்கை உடனை இழுக்கட்டும் எண்டுதான் செய்விச்சனான். பிறகு பிடிச்சுப் போச்சு. பொய் சொல்லமாட்டன்."

"நூற்றி நாப்பதோ?"

"ஒரு நாள்தான். விடிய. றோட்டிலை ஒரு காகம்கூட இல்லை." கண்ணாடியைப் போட்டாள். "பாக்கப் போறீங்களோ?"

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் காரின் கண்ணாடியில் பின்னாலே பார்த்துவிட்டு மிதித்தாள். முதுகு இருக்கையோடு ஒட்டியது. கலியாணப் பரிசுப் பெட்டி பின் சீற்றில் இருந்து விழுந்த சத்தம் கேட்டது. "விடும், விடும், காணும்!" என்று கத்தினேன். நூற்றைத் தொட்டதும் காலை எடுத்தாள். திரும்பி அவளைப் பார்த்தேன். கரும்பலகைக்கு முன்னால் கடினமான கணக்கு ஒன்று சரிவந்தால் இந்த முகம் வருமாயிருக்கும். வீட்டில் நான் கண்டதில்லை.

கலியாண வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இரண்டாம் தரம் பாயாசம் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தோம். நான் பழையபடி மாற்றச் சொன்னேன். பழையபடி மாற்றினால் அந்த ஒண்டு, ரெண்டும் திரும்ப வரும் என்றாள். எண்பதுக்கு மேலே போவதில்லை என்று சம்மதித்தாள். நான் கேட்டது இன்னும் ஒன்றுதான்: போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு சொல் அனுப்ப வேண்டும்.

காலை ஆறரைக்கு வெளிக்கிடுவாள். ஏழு இருபதுக்கு "வந்திட்டன்" என்று வரும். சில நாட்களில் ஏழு பத்துக்கே வந்துவிடுகிறது. அந்த நாட்களில் கந்தோர் வாசலில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான முப்பத்து மூன்று கிலோமீற்றரை நிமிடத்தால் பிரித்துப் பார்க்கிறேன். என் கணக்குத்தான் பிழை என்று அவள் சொல்கிறாள்.