டிஸ்க்கில் வைத்த சந்தனம்

கல்கத்தாவில் மலை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. மவுண்டன் பைக் வாங்கிய நாளிலிருந்து இதே கேள்விதான். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் காக்கிமா கேட்டாள், மீன்காரர் கேட்டார், எங்கள் மளிகைக் கடைக்கு இட்லி அரிசியும் முருங்கைக்காயும் வாங்க வருகிற தமிழ் மாமிகள் ஒருவர் விடாமல் கேட்டார்கள். மலை இல்லை, நம் ரோடு இருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால் முறைப்பதோடு சரி.

இருபத்தொன்பது அங்குலச் சக்கரம். முன்னால் அழுந்தி எழும் ஃபோர்க், பின்னால் சட்டத்தின் நடுவில் தனியாக ஒரு ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஜாதவ்பூரிலிருந்து கிளம்பி, பைபாஸைத் தாண்டி, மீன் வளர்க்கிற ஏரிகளின் கரைகளில் ஏறிவிடுவேன். உடைந்த செங்கல்லும் சேறுமாகக் கிடக்கும் கரை அது. சாதா சைக்கிளில் போனால் இடுப்பு கழன்றுவிடும். என் வண்டி பாட்டுக்குப் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும், எனக்கு ஒரு குலுக்கல்கூட வராது. சில ஞாயிறுகளில் ஆற்றைத் தாண்டி சாந்த்ராகாச்சி வரை போய், ரயில் யார்டு ஓரத்து ஜல்லிப் பாதையில் ஓட்டிவிட்டு வருவேன். வாரம் முழுக்க அண்ணன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய கழுத்து அங்கேதான் நேராகும்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எப்படி விடுவேன்? அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ஆரம்பித்த கடையை நாங்கள் இரண்டு பேரும் நடத்துகிறோம். நடத்துவது அவர், மூட்டை தூக்குவது நான். கடைக்கு மேலேயே வீடு. அவருக்கு மனைவி, மகள், மாப்பிள்ளை என்று குடும்பம் உண்டு. நான் ஒண்டிக்கட்டை. கல்யாணம் ஆகாதவனுக்குச் சொந்தமாக எந்தப் பொருளும் தேவைப்படாது என்பது எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. என் சட்டையைத் தூக்கி உறவுக்காரப் பையனுக்குக் கொடுப்பார். நான் ஓட்டிய ஸ்கூட்டரை அண்ணியின் தம்பிக்குக் கொடுத்தார். மகள் கல்யாணத்தின்போது நான் படுத்த கட்டிலைக்கூடச் சீரோடு ஏற்றி அனுப்பினார். என் பொருள் என்றால் அண்ணனுக்கு அப்படி ஒரு தாராளம். "அவனுக்கு எதுக்கு?" என்பார், அத்தோடு அது போய்விடும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடித்துக் கடித்துப் பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

அதனால்தான் சைக்கிளை என் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அது நின்றால் எனக்கு ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். பரவாயில்லை என்று நடந்தேன். இது ஒன்றையாவது அவர் கைக்குக் கொடுக்கக் கூடாது என்று மனதில் கறுவிக்கொண்டிருந்தேன்.

போன துர்கா பூஜையில் மாப்பிள்ளையும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நவமி அன்று ஊரே டாக் மேளமும் பந்தலுமாகக் கிடக்கும்போது எங்கள் கடை மட்டும் கதவைச் சாத்தியிருக்கும், ஏனென்றால் எங்களுக்கு அது ஆயுத பூஜை. தராசு, காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின், படிகள், கத்தி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்குவோம். அடுக்கிய பிறகு மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை ஆகிறவரை எதையும் தொடக் கூடாது. இது வீட்டில் அண்ணன் போட்ட சட்டம். ஒரு வருஷம் அண்ணி தெரியாமல் கத்தியை எடுத்து எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டாள் என்று அந்த ஆண்டு முழுவதும் வியாபாரம் படுத்ததற்கு அவளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சைக்கிளும் பூஜையில் வைக்க வேண்டும் என்று அவரே என் அறையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். நான் குளித்துவிட்டு இறங்கிப் பார்க்கிறேன், அண்ணன் நல்லெண்ணெய் நனைத்த துணியோடு சைக்கிள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். சட்டம் துடைத்தாயிற்று, செயின் துடைத்தாயிற்று. இப்போது சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, கூடவே சுற்றுகிற பிரேக் டிஸ்க் தகட்டின் மேல் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அது வறண்டு கிடந்ததாம். பளபளவென்று ஆக்கிவிட்டார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டிலும் வட்டமாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தார்.

டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் கட்டை அதைக் குடித்துவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும், வண்டி நிற்காது. விரல் ரேகைகூடப் படக் கூடாது என்று நான் தொடாமல் காப்பாற்றிய இடம் அது. ஐயோ அண்ணே, அதில் எண்ணெய் படக் கூடாதே என்று பதறினேன். சாமி காரியத்தில் குறுக்கே பேசாதே என்று மாப்பிள்ளை முன்னால் சத்தம் போட்டார். நாளைக்கு மறுபூஜை முடிந்ததும் ஸ்பிரிட் போட்டு டிஸ்க்கைத் துடைத்து, பிரேக் கட்டைகளை மாற்றிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதவே வேண்டாம். சாயங்காலம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பூஜை வரிசைக்கு முன்னால் போய் நின்று சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவார். பிரமாதம் என்பதற்குக்கூடத் தமிழ் வராமல் "தாருண் சைக்கிள், சின்ன மாமா" என்றார். கெட்ட பையன் இல்லை. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அண்ணன் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பிடிச்சிருந்தா எடுத்துக்கோங்க மாப்ள. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாள். மறுபூஜை ஆனதும் உங்க கையில குடுத்துருதேன். அவனுக்கு எதுக்கு இந்த வயசுல?"

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. மாப்பிள்ளை மட்டும் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் ஒரு பொருளைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இல்லை என்றால், அந்த வீட்டு மானமே போய்விடும். அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். நான் வாய் திறக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் திறந்தார். நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

அன்று படுத்தபோது கட்டில் ஓரம் காலியாக இருந்தது. தாராளமாக நடக்க இடம். சரி, டிஸ்க்கைத் துடைக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். துடைக்க நினைத்தாலும் முடியாதே. பூஜையில் வைத்ததை யாரும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே? மாப்பிள்ளை முதலில் ஏறிவிடுவாரோ என்றுதான் ஒரு சின்ன யோசனை. ஆனால் எனக்கு அண்ணனைத் தெரியும். எதையும் தன் கையால் ஓட்டிக் காட்டாமல் கொடுக்க மாட்டார். ஒருவேளை மாப்பிள்ளை முந்தினால் சைக்கிளின் குறுக்கே நானே படுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மறுபூஜை ஆயிற்று. வழக்கப்படி ஆளுக்கொரு வேலையைத் தொட்டுத் தொடங்கினோம். அண்ணி ஒரு படி அரிசி அளந்தாள், நான் ஒரு பிடி காப்பிக்கொட்டை அரைத்தேன். அண்ணன் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளை வாசலுக்கு இறக்கினார். காக்கிமா வெற்றிலையும் இனிப்பும் தட்டில் எடுத்துக்கொண்டு அம்மனை வழியனுப்பப் பந்தலுக்குக் கிளம்பியவள், நின்று பார்த்தாள். இன்னும் நாலைந்து பேர் பார்த்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் அண்ணனுக்கு நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும்.

"நல்லா ஓடுதான்னு பாத்துட்டுத் தாரேன் மாப்ள. நான் இந்தத் தெருவுல சைக்கிள்ல மூட்டை அடிச்சவன்."

அப்போது சொன்னேன். பக்கத்தில் போய், தலையைக் குனிந்துகொண்டு, தம்பி அண்ணனிடம் பேச வேண்டிய குரலில் சொன்னேன்.

"அண்ணே, டிஸ்க்குல எண்ணெய் இருக்கு. பிரேக் பிடிக்காது. ஏறாதீங்க."

"ஒனக்கு மனசு இல்லலே. குடுக்கப் போற நேரத்துல அபசகுனமாப் பேசுத."

நான் சொன்னது மாப்பிள்ளைக்குக் கேட்டது, அண்ணிக்குக் கேட்டது, காக்கிமாவுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கேட்டது. அது போதும் என்று விலகி நின்றேன்.

எங்கள் தெரு நேராகப் போய்க் குளத்தில் முடிகிறது. பூஜை முடிந்து சிலைகளைத் தண்ணீரில் இறக்குவதற்காகக் கரையில் அகலமான படிகள் கட்டியிருக்கிறார்கள். அண்ணன் என் உயரத்துக்கு வைத்திருந்த சீட்டில் எப்படியோ தொற்றி ஏறினார், கால் தரையில் எட்டவில்லை. அந்தச் சக்கரத்துக்கு லேசாக மிதித்தாலே போதும். அவர் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று எம்பி எம்பி மிதித்தார். வண்டி எடுத்த வேகத்தில் வேட்டி படபடத்தது. குளம் வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஈர நாய் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சத்தம்தான் வந்தது, வண்டி நிற்கவில்லை. "தாதா, பிரேக், பிரேக்" என்று குளக்கரையில் நின்ற வங்காளிகள் கத்தினார்கள். பிரேக் என்ன செய்யும் பாவம்?

வேறு சைக்கிளாக இருந்தால் முதல் படியிலேயே அவரைக் கவிழ்த்து, அங்கேயே முழங்காலைச் சிராய்த்து, காரியத்தை முடித்திருக்கும். என்னுடையது கவிழ்க்கவில்லை. முன் ஃபோர்க் அமுங்கியது, பின் ஷாக் அமுங்கியது, பெரிய சக்கரங்கள் ஒவ்வொரு படியாக மரியாதையோடு இறங்கின. ஒரு குலுக்கல்கூட இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்த வாக்கிலேயே, புது வேட்டியோடு அண்ணனைக் கொண்டுபோய் நடுத் தண்ணீரில் விட்டது. அந்தக் கணத்தில் என் வண்டியை நினைத்து எனக்கு வந்த பெருமையை எப்படிச் சொல்ல? மனசு குளிர்ந்துவிட்டது.

இடுப்பளவு தண்ணீர்தான். ஆட்கள் குதித்து அவரைத் தூக்கினார்கள். நானும் குதித்தேன், சைக்கிளைத் தூக்கினேன். வண்டி தண்ணீருக்குள் சாய்ந்து விழுந்தபோது கையை ஊன்றியதில் அவருக்கு மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. மத்தியானத்துக்குள் மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டிவந்தோம். துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கீழே குழாயடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சேறு ஷாக்கின் மூட்டு வரை ஏறியிருந்தது, பேரிங் எல்லாம் கழற்றி மாற்ற வேண்டும். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

அண்ணன் திருந்தியிருப்பார் என்று நினைத்தேன். சாயங்காலம் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது முதல் பேச்சே, சைக்கிளை ரிப்பேர் பண்ணி மாப்பிள்ளை வீட்டுக்கு நானே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான். ரிப்பேரும் என் பொறுப்பாம். குளத்தில் போட்டும் புத்தி வராத மனிதனை வேறு எதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. காப்பியை ஸ்டூலில் வைத்துவிட்டு நின்றேன். அவர் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் கேக்க மாட்டம்னு தெரிஞ்சுதான அவ்வளவு அடக்கமாச் சொன்ன?"

சத்தியம் பண்ணி மறுத்திருக்கலாம். சொன்னேன் அண்ணே, நீங்கள்தான் கேட்கவில்லை என்று அழுதிருக்கலாம். அதற்குத்தான் சாட்சிகள் இருந்தார்களே. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது எதுவும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்கிறார், அதை ஏன் ஏமாற்ற வேண்டும்?

"ஆமாண்ணே," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கொஞ்சம் பயந்துபோன மாதிரிதான் இருந்தது.

"சைக்கிள் என்னோடது. மாப்பிள்ளைக்குக் கிடையாது. நீங்கதான் குடுக்கேன்னு சொன்னீங்க, நீங்களே இல்லைன்னும் சொல்லுங்க."

"எப்படில சொல்லுவேன், மாப்பிள்ளைட்ட?" என்றார்.

நாங்கள் சேர்ந்து வளர்ந்த காலம் தொட்டு அவர் என்னிடம் கெஞ்சி நான் கேட்டதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறமாகத் தானே தனியாகச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அப்புறம் எல்லாம் வேண்டாம், ஹாலில்தான் டீவி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். நானே போய் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். அண்ணன் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.