ஒரு விரல் அகலம் குறைந்த தட்டு

என் அலமாரியில் இரண்டு எனாமல் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் வெள்ளை; இரண்டுக்கும் நீல விளிம்பு; இரண்டின் நடுவிலும் அதே சிவப்புப் பூ. தனித்தனியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. பெரியதற்குள் சிறியதை வைக்கும்போதுதான் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விழும். சிறியதைப் பதினேழு வயதில் ஜெலுத்தோங் சந்தையை அடுத்த ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். பெரிய தட்டின் குறுக்களவை நூலால் அளந்து, அந்த நூலைப் பள்ளிச் சீருடையின் பையில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் நான்கு அளவுகளை எடுத்துப் போட்டார். நூலை விரித்து விரித்துப் பார்த்து, கண்ணுக்குத் தப்பக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். என் வாழ்வில் அவ்வளவு கவனமாக நான் வேறெதையும் செய்ததில்லை. அது சின்னம்மாவுக்காக வாங்கிய தட்டு. அவருக்குத் தெரியாமல் வாங்கியது.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. மணமாகாதவர். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் எங்களோடுதான் இருந்தார். விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்தைப் பிடித்துப் பாயான் பாரு பக்கம் வேலைக்குப் போவார். உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் சின்னஞ்சிறு மின்பலகைகளை வைத்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவது அவருடைய பணி. இருபது ஆண்டுகளாக அதைச் செய்து வந்தார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். யார் எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்பார். அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டு பழகியிருந்தோம்.

அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதான ஆண்டு அது. வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. அப்பா எல்லோரையும் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பதினெட்டு நிரம்பாததால் என்னைச் சேர்க்கவில்லை. முடிவு வந்த அன்று அப்பா காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "உன் தங்கச்சிது பொருந்துதாம்லா!" என்றார். அம்மா சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். எதிர்வீட்டு அக்கா கேசரி கிண்டி எடுத்து வந்தார். சின்னம்மா சிரித்தார். அந்த மாலையை நான் பலமுறை நினைவில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நன்றி சொன்னோம், சாமிக்கு விளக்கேற்றினோம். அன்று கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "ஆபரேஷன் எப்ப?" என்பது.

மருத்துவர் ஒரே ஒரு தடை சொன்னார். சின்னம்மா எட்டுக் கிலோ குறைய வேண்டும். குறையாவிட்டால் அவரைக் கொடையாளராக ஏற்க முடியாது. பட்டினி கிடக்கக் கூடாது, அவசரமும் கூடாது. அன்றாடம் உண்பதில் கொஞ்சம், உடம்பு கண்டுகொள்ளாத அளவுக்குக் கொஞ்சம் மட்டும் விட்டுவிட்டால் போதும். மாதங்கள் ஆகும், ஆனால் இறங்கியது ஏறாது என்றார். அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அம்மாவால் அடுப்படியில் நிற்க முடியாமல் போனதிலிருந்து சமையல் என்னுடையது. கணக்கும் எனக்கு நன்றாக வரும். நாளுக்கு இருநூற்றைம்பது கலோரி குறைக்க வேண்டும். சோற்றில் அரை அகப்பை, தேநீரில் பாதிக் கெட்டிப்பால், குழம்பில் பாதித் தேங்காய்ப் பால். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதினேன். அம்மா பிழைப்பதற்கான வழி ஒரு பள்ளி நோட்டுக்குள் அடங்கிவிட்டதில் எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அன்று முதல் சின்னம்மாவின் தட்டு எல்லோருக்கும் பொதுவாயிற்று. அவர் கை நீட்டினால் மூன்று ஜோடிக் கண்கள் கூடவே நீளும். சனிக்கிழமை காலையில் கூடத்தின் நடுவில் எடைக்கருவியை வைப்போம். அவர் ஏறி நிற்பார். அப்பா குனிந்து எண்ணை உரக்கப் படிப்பார். அம்மா அறைக்குள் இருந்தபடி கேட்டுக்கொள்வார். தீபாவளிக்கு இரண்டு வாளி முறுக்கைச் சுட்டுவிட்டு ஒன்றைக்கூடச் சின்னம்மா வாயில் போடவில்லை. "பாரு, தொடல! அதான் லா என் மச்சினிச்சி!" என்று அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எதிர்வீட்டு அக்கா மட்டும், "ஐயோ, ஒரு முறுக்கு தின்னா கிட்னி கோவிச்சுக்குமா? கொடுங்கலா அந்தப் புள்ளைக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். சின்னம்மாவும் சிரித்தார்.

இரண்டு கிலோ இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. நான்கு சனிக்கிழமைகள் அதே எண். நோட்டின்படி இன்னும் ஒரு கிலோ போயிருக்க வேண்டும். கூட்டலைச் சரிபார்த்தேன், எண்ணெயை அளந்தேன், அரிசியை நிறுத்தேன். தவறு எங்கும் இல்லை. ஒரு நாள் பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கான ஒத்திகை என்று வழக்கத்துக்கு முன்பே கிளம்பினேன். தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. உள்மேசையில் சின்னம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் பரோட்டா போன்ற இரண்டு ரொட்டி சானாய், மேலே சீனி, பக்கத்தில் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஒரு தே தாரிக். பசித்தவர் உண்பது போல அவர் உண்ணவில்லை. சுவைப்பது போலவும் இல்லை. ஒவ்வொரு துண்டையும் பிய்த்து, கண்ணை மூடி, மாத்திரை விழுங்குவது போல விழுங்கினார். அந்த முகத்தைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் புரிந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உடம்பை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எடை குறையாவிட்டால் மருத்துவரே இல்லை என்று சொல்லிவிடுவார். பயந்தவர் என்றோ நன்றி கெட்டவர் என்றோ அவரை யாரும் சொல்ல முடியாது.

நான் கடைக்குள் போயிருக்கலாம். எதிரே உட்கார்ந்து, "சின்னம்மா, உங்களுக்கு விருப்பம் இல்லையா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் அம்மா என்ன ஆவார்? அதனால் நடைபாதைத் தூண் ஒன்றின் பின்னால் ஒதுங்கி நின்றேன். பேருந்து வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் நூலை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். உடம்பு கண்டுகொள்ளாத அளவுக்கு என்று மருத்துவர் சொன்னதை, ஆளே கண்டுகொள்ளாத அளவுக்கு என்று மாற்றிக்கொண்டேன். தட்டு நிறையப் போட்டது போலவே இருக்கும், சோறு குறைந்திருக்கும். கெட்டிப்பாலில் தண்ணீர் கலந்து வைத்தேன். அவருடைய இரண்டு ரொட்டிகளையும் நோட்டில் எழுதி, அவற்றையும் கழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் எடை மீண்டும் இறங்கத் தொடங்கியது. நான் கணக்கிட்டதைவிடச் சற்று வேகமாகவே இறங்கியது. அப்பா எண்ணைப் படிக்கும்போது சின்னம்மா தரையைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார். நான் நோட்டில் குனிந்துகொள்வேன். அவருடைய தோள்பட்டை எலும்பு மெல்ல வெளியே தெரிந்தது. மோதிரம் விரலில் சுழன்றது. ஒரே மேசையில், எதிரெதிரே, ஐந்து மாதம் சாப்பிட்டோம். உப்பு, மழை, என் தேர்வு ஆகியவற்றைத் தவிர வேறெதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை.

எட்டுக் கிலோவும் குறைந்தபின் மருத்துவமனையில் கடைசி நேர்காணல் நடந்தது. கொடையாளரிடம் தனியாகத்தான் பேசுவோம் என்று சொல்லி, கதவை மூடிவிட்டார்கள். சின்னம்மா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கொடையாளர் தகுதி பெறவில்லை என்று ஒரே வரி, காரணம் இல்லை. அப்பா கத்தினார்: "எட்டுக் கிலோ குறைச்சாச்சு, இன்னும் என்னா வேணுமாம் இவனுங்களுக்கு?"

அம்மா கத்தவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்கு வந்தார். "வா தங்கச்சி. இன்னிக்காவது வயிறாரச் சாப்பிடு" என்று தம் கையால் மூன்று அகப்பை போட்டார். அந்தத் தட்டு கொள்ளவில்லை. சோறு நீல விளிம்பைத் தாண்டி மேசையில் சரிந்தது. அம்மா தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிந்திய பருக்கைகளை விரலால் ஒவ்வொன்றாகக் கூட்டி எடுத்தார்.

சில வாரங்களில் சின்னம்மா பாயான் பாருவில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். தொழிற்சாலை பக்கம் என்று காரணம் சொன்னார். கிளம்பும் நாளில் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் தட்டை நாளிதழில் சுற்றி என் மடியில் வைத்தார்.

"இது உன்னோடது பாப்பா."

"தெரியுமா சின்னம்மா?"

"மொத நாளே தெரியும். இருபது வருஷமா என்னா வேலை பார்க்கிறேன்? எனக்கே தட்டு மாத்துறியா நீ?" என்று சிரித்தார். "அந்தக் கடையில நான் தின்னதை நீ பார்த்துட்டன்னு புரிஞ்சுச்சு. அன்னியோட ரொட்டியை விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் பையின் வாயை இழுத்து மூடினார். "உங்கம்மா கேக்க மாட்டா, பாவம். உங்கப்பாவுக்குக் கேக்கத் தெரியாது. நீயாச்சும் வாயைத் தொறந்து கேப்பேன்னு பார்த்தேன். தெனமும் அந்தத் தட்டுல சாப்பிட்டுக்கிட்டே பார்த்தேன். கடைசியில ஆஸ்பத்திரியிலதான் கேட்டாங்க."

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று அப்போதும் நான் கேட்கவில்லை.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். வார இறுதிகளில் ஜெலுத்தோங்குக்கு வருகிறேன். அம்மாவுக்கு இன்னும் வாரம் மூன்று நாள் சுத்திகரிப்பு நடக்கிறது. கையில் ஊசி குத்த இடம் தேடுகிறார்கள். போன மாதம் சுத்திகரிப்பு நிலையத்துத் தாதி என்னைப் பார்த்து, "மகளுக்குத்தான் பதினெட்டு தாண்டிருச்சே" என்றார். மறுவாரம் அப்பா என்னையும் இரத்தம் கொடுக்க அழைத்துப் போனார். பொருந்துகிறது. நான்கு கிலோ மட்டும் குறைய வேண்டுமாம்; மெதுவாக, அவசரமில்லாமல். எதிர்வீட்டு அக்கா கேசரி கொண்டுவந்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்த எடைக்கருவியை அப்பா தூசி தட்டிக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். நான் சிரித்தேன்.

யாராவது கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். அம்மா என் அம்மா. ஆனாலும் அலமாரியைத் திறந்து சிறிய தட்டை எடுத்து வந்தேன். மூன்று வாரமாக அதில்தான் சாப்பிடுகிறேன்.

நேற்று மதியம் அம்மா பரிமாறினார். சோற்றோடு அகப்பை என் தட்டின் மேலே வந்து, அப்படியே நின்றது. அம்மாவின் கண் நீல விளிம்பைச் சுற்றி ஒருமுறை போய் வந்தது. 

"போதுமா?" என்றார்.

நான் காத்திருந்த கேள்வி அதுவன்று. "போதும்மா" என்றேன். அகப்பை பானைக்குத் திரும்பிற்று.