இரண்டு காதிலும் சிபாரிசு

கடத்தூரில் கோகிலவாணி மேல் ஒரே ஒரு புகார்தான்: மாத்திரை கேட்டால் பாடம் நடத்துவாள். மருந்துக்கடைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியும் அந்த வாய் அடங்கவில்லை.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் மாது அண்ணன் அன்றைக்கு ரகசியக் குரலில் கேட்டார். "ஏம்மா, நாளைக்கு முனியப்பனுக்குக் கிடா வெட்டு. சாமிக்கு வெச்ச பிராந்திய மூத்த பங்காளி நாந்தான் குடிச்சு முடிக்கணும். ஒரு நாளு மாத்திரைய நிறுத்திக்கட்டுமா?"

"நிறுத்துனா வலிப்பு வரும். போட்டுட்டுக் குடிச்சா மூச்சு நின்னாலும் நிக்கும். எதுங்கண்ணா வேணும்?"

மாதுவின் முகம் செத்துவிட்டது. சாமி பங்கை மறுத்துவிட்டுப் பங்காளிகள் முன்னால் எப்படித் தலைகாட்டுவார்?

கோகிலவாணி பாடத்தைத் தொடங்கினாள். "மூளைச் செல்லு மேல ரிசப்டர்னு ஒண்ணு இருக்குது. அதைத் தாசில்தாருன்னு வெச்சுக்கங்க. மூளையே சுரக்கற காபாங்கற ரசாயனந்தான் அவருகிட்ட மனு குடுக்குது. கையெழுத்து விழுந்தா செல்லு அமைதியாயிரும். உங்க மாத்திரை மனு குடுக்கறதில்லீங்க, வேற பக்கமா நின்னு சிபாரிசு பண்ணுது. ஒரு கையெழுத்து விழற எடத்துல ரெண்டு விழும்."

"பிராந்தி?"

"அது இன்னொரு பக்கத்துல நின்னு சிபாரிசு பண்ணும். ரெண்டு காதுலயும் ஓதுனா மனுசன் கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டே இருப்பாரு. மூச்சை நடத்தற எடமும் அமைதியாயிரும்."

"சிபாரிசுக்கு அவ்வளவு பவரா!" என்று வியந்தாரே தவிர, குடிக்க மாட்டேன் என்று மாது சொல்லவில்லை.

கோகிலவாணி மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டுச் சாமியாடும் பூசாரி ஆண்டியின் வீட்டுக்குப் போனாள். அதே பாடத்தை அவருக்கும் நடத்தினாள். அவர் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

"சாமிக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லும், போ தாயி."

மறுநாள் கிடா விழுந்தது, உடுக்கை அதிர்ந்தது, சாமி வந்தது. மாது பாட்டிலை எடுத்தார். தூரத்தில் பெண்களோடு நின்ற கோகிலவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சாமி அரிவாளை நீட்டியது. "டேய் மாது! உனக்குள்ள ஏற்கெனவே ஒருத்தன் சிபாரிசுக்கு நிக்கறான்டா! என் பங்கையும் உள்ள விட்டீன்னா எந்திரிக்க மாட்ட! மண்ணுல ஊத்துடா!"

மாது பயபக்தியோடு ஊற்றினார். பங்காளிகள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்தியா, பிராந்தி போன துக்கமா என்று நாம் கேட்கக் கூடாது.

திங்கட்கிழமை பங்காளிகள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தார்கள். "மேடம், நானும் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போடறனுங்க. எனக்குள்ளயும் அந்த ஆளு நிக்கறானுங்களா?"

சாயங்காலத்துக்குள் பதினோரு பேர். முதல் நாலு பேருக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். டாக்டர் சீட்டைப் பார்த்து அவளே கொடுத்த மாத்திரைகள் அவை. மற்ற ஏழு பேரிடமும் சீட்டே இல்லை. அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"உங்களுக்கெல்லாம் யாருங்கண்ணா குடுத்தது?"

ஏழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"பூசாரிதானுங்க. விபூதிப் பொட்டலத்துல மடிச்சுக் குடுப்பாருங்க."